செக்ரோலில் எழுதாத பேர்

போன மாதம் ஈப்போ புந்தோங்கில் ஒரு துக்க வீட்டில் இருந்தேன். இறந்தவர் எனக்குப் பெரியம்மா முறை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். அடக்க ஆராதனையில் போதகர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். இந்தத் தாயார் இரட்சிக்கப்பட்டது இவர் செய்த நன்மைகளால் அல்ல, தேவ கிருபையால். அதை விசுவாசத்தால் பெற்றுக்கொண்டார், அவ்வளவுதான். பந்தலில் வந்து உட்கார்ந்ததும், அதே தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, அந்தம்மா பண்ணாத நல்லதா? அதையெல்லாம் ஓரங்கட்டிட்டு, சும்மா கெடைச்சதுன்னு சொல்லிட்டுப் போறாரே. அப்ப ஒழைச்சவனும் ஊரு சுத்துனவனும் ஒன்னா? சும்மா கெடைக்கிற மோட்சத்த எவன் மதிப்பான்?"

சுற்றி இருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் சபைக்காரர்கள். துக்க வீட்டில் தர்க்கம் வேண்டாமென்று நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

மாமா சொன்னது அவர் ஒருவருடைய கருத்தல்ல. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நம்மவர் கூடுகிற எந்தப் பந்தலிலும் இதைக் கேட்கலாம். மற்ற மதத்தார் வெளிப்படையாகச் சொல்வார்கள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிற கிறிஸ்தவர்களில் பலர் மனசுக்குள் வைத்திருப்பார்கள். அந்தக் கருத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, நிரைக்குப் போய்ப் பால் வெட்டினால்தான் அன்றைக்குச் சம்பளம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசும் இல்லை. மூன்று தலைமுறை இப்படி வாழ்ந்த ஜனத்துக்கு, உழைப்பைத் தவிர வேறு எதன்மேல் நம்பிக்கை வரும்? இலவசம் என்ற சொல்லின்மேல் சந்தேகம் வந்ததற்கும் காரணம் உண்டு. 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, முதலாளிகளிடம் வரி வாங்கி, கூலிகளுக்குக் கப்பல் செலவைக் கொடுத்தார்கள். சட்டப்படி அது இலவசப் பயணம். இறங்கிய இடத்தில் கங்காணியின் முன்பணம் காத்திருந்தது. அந்த நினைவுள்ளவர்கள், சும்மா கொடுக்கிறேன் என்று எவன் வந்தாலும் அவன் கையில் தூண்டில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் செய்வார்கள்.

ஆகவே இந்தக் கருத்தை இளக்காரமாகப் பேச எனக்கு மனசு வராது. அதன் பின்னால் வியர்வை இருக்கிறது. ஆனால் அது தவறு. எங்கெங்கே தவறு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. இலவசம் என்றால் விலையில்லாதது என்று யார் சொன்னது?

கத்தோலிக்கர் இரட்சிப்பை மீட்பு என்பார்கள். அந்தச் சொல்லை நாம் வேறு எங்கே பயன்படுத்துகிறோம்? அடகுக் கடையில். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் உள்ளே போன சங்கிலி, சீட்டோடு முதலும் வட்டியும் வைத்தால்தான் வெளியே வரும். மீட்கப்பட்ட சங்கிலி தன் பங்குக்கு ஒரு காசும் தரவில்லை. அதனால் அது மலிவுச் சங்கிலி ஆகிவிடுமா? யாரோ ஒருவர் முழுத் தொகையையும் எண்ணி வைத்தார் என்பதுதானே அதற்கு அர்த்தம்? கிறிஸ்தவ விசுவாசம் சொல்வதும் இதையேதான். பெறுகிறவனுக்கு இலவசம், கொடுத்தவருக்குச் சிலுவை. மாமாவின் வாதம் வாங்குகிறவன் தருகிற விலையையும் கொடுக்கிறவர் பட்ட செலவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

இன்னொரு குழப்பமும் இதற்குள் இருக்கிறது. தகுதி உள்ளவனுக்குத்தான் எதையும் கொடுக்க வேண்டும் என்பது அது. ஜப்பான்காரன் காலத்தில் ஈப்போவுக்கு அருகே பாப்பான் என்ற சிற்றூரில், மெயின் ஸ்ட்ரீட் 74ஆம் எண் வீட்டில், சிபில் கார்த்திகேசு என்ற நர்ஸ் ரகசியமாகக் காயம் கட்டினார். ஜப்பானியரை எதிர்த்துக் குண்டடி பட்ட கெரில்லாக்கள் இரவில் வந்தார்கள். வந்தவனின் காயத்தைப் பார்த்து மருந்து போட்டார். நடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. பிடிபட்டுச் சித்திரவதை பட்டு, 1948இல் அந்தக் காயங்களோடு இறந்தார். அவர் கொடுத்த சிகிச்சை இலவசம். அது மலிவு என்று சொல்ல இந்த மாநிலத்தில் யாருக்காவது நா எழுமா? மருத்துவம் என்று வரும்போது புண்தான் தகுதி. பாவம் என்பது உண்மையிலேயே ஒரு நோய் என்றால், அங்கே மட்டும் ஏன் சான்றிதழ் கேட்கிறோம்?

2. சும்மா கிடைத்தால் மனுஷன் கெட்டுப்போவான் என்கிறார்கள். கெட்டுப்போனவர்களைக் காட்டுங்கள்.

கேள்வி புதிதல்ல. கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று பவுலிடமே கேட்டிருக்கிறார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம் அதற்குப் பதில்தான். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்லவனாக இரு, அப்போது மோட்சம் கிடைக்கும் என்று பவுல் போதித்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்தே இருக்காது. அவர் போதித்தது உண்மையிலேயே இலவசம் என்பதற்கு அந்தக் கேள்வியே சாட்சி. அதே அதிகாரத்தின் முடிவில் அவர் சம்பளம் என்ற சொல்லைப் பாவத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, நித்திய ஜீவனுக்கு வரம் என்ற சொல்லை எடுக்கிறார். செக்ரோல் அந்தப் பக்கம், பரிசு இந்தப் பக்கம். கலக்க இடமில்லை.

நடப்பைப் பார்ப்போம். எங்கள் மெதடிஸ்ட் சபையின் தகப்பன் ஜான் வெஸ்லி, இந்த இலவசத்தைப் புரிந்துகொள்வதற்கு முன் உழைப்பில் யாருக்கும் குறைந்தவர் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் உபவாசம் இருந்தார், சிறைக்கைதிகளைப் பார்க்கப் போனார், 1735இல் கப்பலேறி அமெரிக்காவின் ஜார்ஜியா வரை ஊழியத்துக்குப் போனார். தோற்றுத் திரும்பினார். 1738 மே 24ஆம் தேதி, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். தன் பாவத்தைக் கிறிஸ்து எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் வெஸ்லிக்கு அன்றைக்குத்தான் வந்தது. சும்மா கிடைத்துவிட்டதே என்று அவர் காலை நீட்டிப் படுத்தாரா? அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஊழியத்துக்கு ஊர் ஊராகப் போனார். 1791இல் சாகக் கிடந்த வாரத்தில் எழுதிய கடிதம்கூட, அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத் தைரியம் சொல்கிற கடிதம். அவர் வழி வந்தவர்கள்தான் 1895இல் ஈப்போவில் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் திறந்தார்கள். மோட்சம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதென்று நம்பியவர்கள் இவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள்.

மலிவான கிருபை என்று போன்ஹோஃபர் கண்டித்தாரே என்பார்கள் சில பிரசங்கிமார். 1937இல் வந்த அவருடைய புத்தகத்தை முழுசாகப் படிக்க வேண்டும். லூத்தரன் போதகரான அவர் கிருபை இலவசம் என்பதை மறுக்கவே இல்லை. தேவனுக்கு அது தம் குமாரனின் உயிரையே விலையாகக் கேட்டது, அதனால் நமக்கு அது மலிவாக இருக்க முடியாது என்றார். 1945 ஏப்ரலில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். கூலி எதிர்பார்த்தவன் கயிறு வரைக்கும் போக மாட்டான்.

யாக்கோபின் நிருபம் கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறதே? என்கிறது. பால் சுரக்காத மரம் பட்டுப்போன மரம் என்று நாமும்தான் சொல்கிறோம். பால் சுரப்பதால் மரம் உயிர் பெறுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

3. நியாயம் எங்கே என்று மாமா கேட்டார். இதுதான் அவருடைய வலுவான கேள்வி.

இதற்கு இயேசு சொன்ன உவமையே ஒரு தோட்டத்துக் கதை. மத்தேயு இருபதாம் அதிகாரம். எஜமான் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய் ஆள் பிடிக்கிறான், ஒரு நாள் கூலி பேசுகிறான். ஒன்பது மணிக்குப் போகிறான், பன்னிரண்டுக்குப் போகிறான், மூன்றுக்குப் போகிறான். சாயங்காலம் ஐந்து மணிக்கும் போகிறான். அப்போதும் அங்கே சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுக்க இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி. அதுவும் கடைசியில் வந்தவனுக்கு முதலில்.

இந்தக் கதையைக் கேட்கும்போது விடியலில் வந்தவர்களின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வது நமக்குப் பழக்கம். நாம்தான் வெயிலில் உழைத்தோம், நமக்கு அநியாயம். ஆனால் பெரட்டில் நின்றவர்களுக்கு இன்னொரு கூட்டத்தையும் தெரியும். ஐந்து மணி வரைக்கும் கடைத்தெருவில் நிற்பவன் யார்? யாரும் வேண்டாமென்று விட்டவன். முதுகு வளைந்த கிழவன், ஒரு கண் தெரியாதவன், வயிற்றுப் பிள்ளைக்காரி. அவன் வீட்டு அடுப்புக்கும் அரிசி வேண்டும். ஒரு மணி நேரக் கூலியைக் கொடுத்து அனுப்பினால் கணக்கு நேராகும். பிள்ளைகள் பட்டினி கிடக்கும். விடியலில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசு குறைந்ததா? குறையவில்லை. அவனுக்கு வலித்ததெல்லாம் அடுத்தவனுக்குக் கிடைத்ததுதான். அந்த வலியை நியாயம் என்று பெயர் சொல்லி அழைக்க எனக்குச் சம்மதமில்லை.

சரி, தேவன் செக்ரோல்தான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் விளைவைக் கடைசி வரைக்கும் யோசிக்க வேண்டாமா? புண்ணியம் சேர்த்தால்தான் மோட்சம் என்றால், முன்வரிசையில் நிற்பவன் யார்? நேரமும் காசும் உள்ளவன். உபவாசக் கூட்டத்துக்கு மூன்று நாள் லீவு எடுக்க முடிந்தவன், கட்டட நிதிக்குக் கல்வெட்டில் பேர் போட்டுக்கொண்டவன். பெரியம்மா நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய், பால் ஏந்தும் மங்கு துடைக்க என்னையும் கூட்டிக்கொண்டு, மத்தியானம் பால் நிறுத்துக் கொட்டிவிட்டு வந்து, ஆறு பிள்ளைகளுக்குத் துவைப்பார். ஜெபிக்க உட்கார்ந்தால் முதல் வாக்கியத்திலேயே தூங்கிப்போவார். தலை மார்பில் விழுந்து கிடக்கும், விரல்களில் பால்கறை கறுத்திருக்கும். அந்த ஜெபத்தை எந்தக் கிராணி முழு நாளாக எழுதுவான்? உழைத்தவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு மாமா சொன்ன நியாயம், அந்த உழைப்பாளியைத்தான் முதலில் வெளியே தள்ளும்.

விளைவு அதோடு நிற்காது. செக்ரோல் இருந்தால் அதை எழுத ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு அதிகாரம் வரும். தோட்டத்துக் கங்காணிக்குத் தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் அந்தக் காலத்தில் தலைக்காசு கிடைத்தது. புண்ணியத்துக்குக் கணக்கு எழுதும் இடத்திலும் தலைக்காசு வாங்க ஒருவன் முளைப்பான். 1517இல் ஜெர்மனியில் லூத்தர் எதிர்த்தது அதைத்தான். காசு கொடுத்தால் பாவத் தண்டனை குறையும் என்று சீட்டு விற்றார்கள்.

அது பழங்கதை என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் என் கையிலும் ஒரு உறை வந்தது. விதைக் காணிக்கை என்று மேலே அச்சிட்டு, கீழே கட்டங்கள்: 50 வெள்ளி, 100 வெள்ளி, 500 வெள்ளி. விதைத்த அளவுக்குத்தான் ஆசீர்வாதம் என்று மேடையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா, அலுவலகங்களில் கூட்டித் துடைக்கிறவர், நூறு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு, பர்ஸைத் திறந்து எண்ணி, மறுபடி மூடி, மறுபடி திறந்தார். இதற்கு நான் கடுமையான சொல்லையே பயன்படுத்துவேன்: இது திருட்டு. சாமான் பையை ஒரு கையிலும் ஞானஸ்நானப் படிவத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஏழை வீட்டுக் கதவைத் தட்டுவதும் அதே வகை. சும்மா தருகிறோம் என்று சொல்லித் தூண்டில் போடுகிறார்கள் என்று நம்மைக் குற்றம் சாட்டுகிறவர்களுக்கு அங்கே நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் குற்றம் இலவசம் என்ற உபதேசத்தின்மேல் விழாது. அந்த உபதேசத்தை விட்டவர்கள்மேல் விழும். நிபந்தனை போட்ட நிமிஷமே அது பரிசு அல்ல, முன்பணம்.

4. விசுவாசம் மட்டும் வேலை இல்லையா என்று கேட்கிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

விசுவாசம் வேண்டும் என்கிறீர்களே, அதுவும் நான் செய்ய வேண்டிய ஒன்றுதானே, அப்போது அதுவும் கூலிதானே? பால்மரத்தில் கட்டிய மங்கை நினைத்துப் பாருங்கள். மங்கு பாலைச் சுரப்பதில்லை. கத்தி போட்ட கோட்டு வழியாக வடிந்து வருவதை ஏந்துகிறது. மழை நாளில் அதைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்ந்திருந்தால் ஒரு சொட்டும் தங்காது. நிமிர்ந்திருக்க வேண்டும் என்பது உண்மை. நிமிர்ந்திருந்ததால் மங்குக்குச் சம்பளம் கொடு என்று யாரும் கேட்டதில்லை. விளிம்பு உடைந்த மங்கும் பால் ஏந்தும். தன் விசுவாசம் போதுமா போதாதா என்று ராத்திரி முழுக்க அளந்துகொண்டு கிடக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: நீங்கள் மங்கை அளக்கிறீர்கள்.

5. இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு, தமிழனுக்கு ஒட்டாது என்பது கடைசி வாதம். இதற்குச் சரித்திரமே பதில்.

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார் என்பது உண்மைதான். ஆனால் சும்மா கிடைக்கிற அருளைப் பற்றித் தமிழன் அவருக்கு முன்பே நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறான். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் அடியான் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்றார்கள் வைணவர்களில் வடகலையார். பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விப்போவதுபோல் இறைவனே தூக்குவான் என்றார்கள் தென்கலையார். தகுதியில்லாத தன்னை இறைவன் வலிய வந்து ஆட்கொண்டதை நினைத்து நினைத்து உருகியவர் மாணிக்கவாசகர். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, பிறகு இரட்சணிய யாத்திரிகம் பாடினார். கிருபை என்ற சொல்லை அவருக்கு யாரும் எழுத்துக்கூட்டிச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இவையெல்லாம் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்தவம் ஒரு குறிப்பிட்ட மனிதர் ஒரு குறிப்பிட்ட நாளில் சிலுவையில் செய்து முடித்ததைப் பற்றிப் பேசுகிறது. அதை வேறொன்றில் கரைக்க எனக்கு உரிமையில்லை. அருள் இலவசம் என்ற எண்ணம் தமிழ்க் காதுக்கு அந்நியம் என்ற வாதம் பொய் என்று மட்டும் சொல்கிறேன். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடம் எடுக்கிற ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை பிழைச்சிட்டான், அதுக்கு எடுக்கிறேன் என்பாள். கிடைத்தது முன்னால், குடம் பின்னால்.

புரொட்டஸ்டன்ட்காரன் பேச்சு என்று இதை ஒதுக்கவும் முடியாது. பாகான் செராயில் 1880களிலிருந்து தமிழ்க் கத்தோலிக்கர் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய திருச்சபை 1547இல் திரெந்து சங்கத்தில் லூத்தரோடு பல இடங்களில் மோதினாலும், இறைவனுக்கு ஏற்புடையவனாகும் அந்த முதல் அருளை எவனும் தன் செயலால் சம்பாதிக்க முடியாது என்றே சொன்னது. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இதுபற்றிப் பொதுவான அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் சியோலில் மெதடிஸ்ட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மாமா, கடைசியாக உங்களிடம் வருகிறேன். எழுபதுகளில், எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா கள்ளுக்கடையில் விழுந்து கிடந்து இரண்டு நாள் பெரட்டுக்கு வரவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் அந்த இரண்டு நாளும் குறையாமல் வந்தது. செக்ரோலில் அப்பா பேரை எழுதியது நீங்கள். துரை கண்டுபிடித்து, அந்தக் கூலியை உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார் என்று லயம் முழுக்கப் பேச்சு. அம்மா ஒரு சேவலைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நானும் கூட வந்தேன். நீங்கள் வாங்கவில்லை. கொண்டுபோய்ப் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடு என்றீர்கள். அப்பா அதோடு குடியை விட்டார் என்று சொல்ல மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். ஆனால் அதற்கப்புறம் ஒரு நாளும் பெரட்டுக்குத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுப் பின்கட்டில் விறகு பிளந்து போட்டுவிட்டு வருவார். நீங்கள் கேட்டதில்லை, அவர் எண்ணிச் சொன்னதுமில்லை. அந்தச் சேவலை அன்று ராத்திரி நாங்கள் சாப்பிட்டோம்.